எழுத்தும் எண்ணும் அடைக்கலமும்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'எழுத்தும் எண்ணும்' என்பது. அதனுடன் 'அடைக்கலம்' என்னும் மூன்றாவது சொல்லை நானாகச் சேர்த்துக்கொண்டேன். சேர்த்ததற்குக் காரணம் விவிலியத்தின் ஒரு வசனம். சங்கீதம் 118, எட்டாம் வசனம். மனிதரை நம்பியிருப்பதைக் காட்டிலும் இறைவனிடத்தில் ஒதுங்குவது நன்று என்பது அதன் கருத்து. சமய வேறுபாடின்றி எவரும் தலையசைக்கக்கூடிய கருத்துத்தான். ஆனால் இந்த வசனத்துக்கு ஒரு கணக்கு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு துண்டுத் தாளாகவும் இப்போது கைப்பேசிச் செய்தியாகவும் உலகைச் சுற்றும் அந்தக் கணக்கு நம் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடைகளையும் விட்டுவைக்கவில்லை.

அது சொல்வது இது: விவிலியத்தில் 118ஆம் சங்கீதத்துக்கு முன்னால் 594 அதிகாரங்கள், பின்னால் 594 அதிகாரங்கள், இரண்டையும் கூட்டினால் 1188. 118ஆம் சங்கீதம், 8ஆம் வசனம்! ஆகவே நூல் முழுமைக்கும் நடுநாயகம் இந்த வசனமே. இறைவனே அதை நடுவில் வைத்தான்.

படித்தவுடன் மயிர்க்கூச்செறியும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடங்கிவிடும். ஆதியாகமத்துக்கு 50, யாத்திராகமத்துக்கு 40 என்று ஒவ்வொன்றாகக் கூட்டி யோபு முடிய வந்தால் 478 அதிகாரங்கள். அதனுடன் 117ஐக் கூட்டினால் 595. மொத்தம் 1189 அதிகாரங்களுக்கு நடு அதிகாரம் 595ஆவது; அதாவது 117ஆம் சங்கீதம். இரு புறமும் 594 நிற்பது அதற்குத்தான். 118க்கு முன்னால் நிற்பவை 595. வசனக் கணக்கும் கைகொடுக்கவில்லை. ஆங்கிலத்தின் பழைய அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பில் 31,102 வசனங்கள். இரட்டைப்படை எண்ணுக்கு ஒற்றை நடு கிடையாது. 103ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கு இடையில் போய் விழுகிறது அந்த நடு.

இவ்வளவும் புராட்டஸ்டண்டு மரபின் 66 நூல்களை வைத்துச் சொன்ன கணக்கு. கத்தோலிக்க மரபில் 73 நூல்கள். யூதருடைய வரிசையிலோ சங்கீத நூல் மூன்றாம் பகுதியாகிய இறுதிப் பகுதியில் இருக்கிறது. சங்கீதங்கள் தொன்றுதொட்டுத் தனித்தனிப் பாடல்களே. ஏனைய நூல்களின் அதிகாரப் பிரிவோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்னும் இங்கிலாந்துப் பேராயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் இட்டவர் ராபர்ட் எத்தியேன் என்னும் அச்சகத்தார். பாடியவன் அறியாத எண்களைப் பாட்டின் பொருளாகக் கொள்வது எப்படி?

எழுத்தெண் என்பதே பொய் என்று இதனால் ஆகிவிடாது. எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. முதல் எழுத்து ஆலெபுக்கு 1. பத்தாம் எழுத்துக்கு 10. பிறகு இருபது, முப்பது என்று ஏறி, இறுதி எழுத்தாகிய தாவ் 400இல் நிற்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் தொழுகைக்கூடத்தை ஒட்டிய மணிக்கூண்டில் எபிரேய எழுத்துகளாலேயே மணி குறித்த முகம் ஒன்று உண்டு. அங்கே எழுத்தைப் படிப்பதும் நேரத்தைப் படிப்பதும் ஒரே செயல்.

நம் வசனத்தை இந்த முறையில் கூட்டிப் பார்த்தேன். மூலத்தில் அது ஐந்தே சொற்கள். நன்று என்னும் பொருளுடைய 'தோவ்' 17. ஒதுங்குதல் என்னும் வினைச்சொல் 504. நான்கெழுத்துத் திருப்பெயர் முன்னொட்டுடன் 28. நம்புதலைக் காட்டிலும் என்னும் சொல் 59. மனிதனில் என்னும் சொல் 47. ஆகக் கூடுதல் 655. இந்த எண்ணில் எனக்கு ஒரு விசேடமும் தென்படவில்லை. ஆனால் அடுத்த வசனத்தைக் கேளுங்கள். ஒன்பதாம் வசனம் எட்டாம் வசனத்தை அப்படியே திரும்பச் சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுகிறது. 'மனிதனில்' என்ற இடத்தில் 'பிரபுக்களில்' என்று வருகிறது. அந்தச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 2, 50, 4, 10, 2, 10, 40. மொத்தம் 118!

118ஆம் சங்கீதத்தில் 118 மதிப்புள்ள சொல். துண்டுத் தாள் அச்சிடுவோர் கையில் இது அகப்படாமல் போனது நம் நல்வினை. ஏனெனில் இதுவும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 9, 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் வரிசை எண் ஒன்று குறையும்; அதை அடியொற்றிய இலத்தீன் மரபில் இந்தப் பாடல் 117ஆம் சங்கீதம். நூற்றாண்டுகளாக அந்த எண்ணிட்டே ஓதிவந்த கத்தோலிக்கத் துறவியருக்கு இந்த அற்புதம் நிகழவே இல்லை. 59 என்று சொன்னேனே, அந்தச் சொல்லை 'வாவ்' என்னும் எழுத்தைச் சேர்த்தும் எழுதலாம். சேர்த்தால் 6 கூடிவிடும். எழுத்துக் கூடினும் குறையினும் பொருள் மாறாத இடத்தில் எண் மட்டும் மாறுகிறது என்றால், பொருள் எண்ணில் குடியிருக்கவில்லை என்று தெரிகிறதல்லவா?

நம் மொழிக்கு வருவோம். தமிழ் எண்களின் வடிவம் எழுத்துகளின் வடிவமாகவே இருப்பதை நாம் அறிவோம். ஒன்றுக்குக் க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய. கால் என்னும் பின்னத்துக்கு வ. எட்டையும் காலையும் அடுத்தடுத்து வைத்து, கேட்டவர் அதை 'அவ' என்று படித்து வெட்கும்படி ஔவை வசைபாடினாள் என்று வழங்கும் கதை தமிழாசிரியர் அனைவருக்கும் கைப்பாடம். திருமூலர் எட்டும் இரண்டும் என்று சொல்லும் இடத்தில் அகர உகரங்களைக் காண்பாரும், இரண்டையும் கூட்டிப் பத்தாக்கி யகரத்தைக் காண்பாரும் உண்டு. எனினும் தமிழில் எல்லா எழுத்துக்கும் எண் இல்லை. ஆகவே ஒரு முழுச் சொல்லைக் கூட்டிப் பார்க்க வழியில்லை. நம் முன்னோர் எழுத்தெண்ணை விடுகதையாகவும் குறிப்பாகவும் ஆண்டார்கள். அதைச் சான்றாக ஆளவில்லை.

வடமொழியின் கடபயாதி முறை இன்றும் நம் இசை மேடைகளில் வழக்கில் உள்ளது. சங்கராபரணத்துக்கு முன் 'தீர' என்றும் கல்யாணிக்கு முன் 'மேச' என்றும் சேர்த்திருப்பது மேளகர்த்தா எண்ணைச் சொல்லத்தான். தீ 9, ர 2. திருப்பிப் படித்தால் 29. மே 5, ச 6, திருப்பினால் 65. பாடகர்க்கு இது நினைவுக்கு நட்ட முளை. 29 என்பதால் அந்த இராகம் இனிக்கிறது என்று எந்த வித்துவானும் சொன்னதில்லை.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே போகும் பெருஞ்சாலையில் நின்றால் சரக்குந்துகளின் நெற்றியில் 786 என்னும் எண்ணைக் காணலாம். அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் திருப்பெயரால் தொடங்கும் அரபு வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டிய தொகை அது. புழுதியும் மழையும் படும் இடத்தில் திருப்பெயரை நேராக எழுதத் தயங்கும் மரியாதை, அந்த எண்ணைப் பயன்படுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அதை நான் மதிக்கிறேன். ஆனால் 786இல் முடியும் பணத்தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதுவே பெட்டியை நிரப்பும் என்று காத்திருப்பது வேறு வகை.

அதைவிட விந்தையானது நம் பெயர்களைத் திருத்தும் எண்கணிதம். கீரோ என்ற புனைபெயர் கொண்டவர் பரப்பிய முறை அது. ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பிட்டுக் கூட்டுவது. தாய் தந்தையர் தமிழில் இட்ட பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதில் ஓர் எழுத்தை இரட்டித்தால் கிரகம் வழிவிடும் என்கிறார்கள். நம்மிடையேயும் புனைபெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் இருக்கலாம். நான் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய கவிதை நன்றாகவே இருக்கிறது.

எழுத்தெண்ணைக் கொண்டு நம்பிக்கையைப் பேசிய பழைய உரைகளுள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்ட தன் சகோதரன் மகனை மீட்க ஆபிராம் தன் வீட்டில் பிறந்த 318 ஆட்களுடன் புறப்படுகிறான். நான்கு அரசர்களுக்கு எதிராக 318 பேர். ஆனால் யூத ரபிகளுள் சிலர், அந்த 318 பேர் உண்மையில் ஒரே ஆள் என்றார்கள். ஆபிராமின் ஊழியன் எலியேசர். அவன் பெயரின் எழுத்துகள் 1, 30, 10, 70, 7, 200; கூட்டினால் 318. 'என் கடவுளே துணை' என்பது அந்தப் பெயரின் பொருள். படை முழுவதும் கரைந்து, இறைவன் துணை என்று பெயர் தாங்கிய ஒரு வேலைக்காரன் மட்டும் மிஞ்சுகிறான்! இது கணக்கா, கவிதையா? இதே 318ஐப் பர்னபாவின் நிருபம் என்னும் பழைய கிறித்தவ ஏடு கிரேக்க எழுத்தாக்கிப் படித்தது. 300க்குரிய எழுத்து சிலுவை வடிவம். 18க்குரிய இரண்டும் இயேசுவின் பெயரின் முதலெழுத்துகள். பின்னர் 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்துக்கு வந்த ஆயர்களின் தொகையையும் 318 என்றே மரபு வைத்துக்கொண்டது. அவரவர் உள்ளத்தில் இருந்ததை அவரவர் எண்ணில் கண்டனர். எண் எதையும் மெய்ப்பிக்கவில்லை, மனத்தைக் காட்டிக்கொடுத்தது.

இப்படிச் சொல்வதால் எண்ணுதலையே நான் இகழ்வதாகக் கொள்ள வேண்டாம். எபிரேயத்தில் நூலுக்கும் எண்ணுதலுக்கும் வேர் ஒன்று. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும் ஆகும், நினைப்பதும் ஆகும். முற்காலத்து வேத அறிஞரை எண்ணுவோர் என்று அழைத்ததாக யூதரின் தால்மூது சொல்கிறது. அவர்கள் திருநூலின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி, நடு எழுத்து எது, நடுச் சொல் எது என்று குறித்தார்கள். அவர்கள் குறித்த நடு எழுத்து இன்றுள்ள பிரதிகளில் நடுவாக அமையவில்லை. அதே பக்கத்தில் அடுத்த தலைமுறையார் ஒப்புக்கொள்கிறார்கள்: எந்தச் சொல்லை நிறைத்து எழுதுவது, எதைக் குறைத்து எழுதுவது என்பதில் முன்னோர் வல்லவர், நாம் வல்லவரல்லர் என்று. வல்லினம் மிகுமா மிகாதா என்று அச்சுக்கூடத்தில் அடித்துக்கொள்ளும் நமக்கு இந்தத் துயரம் விளங்கும்.

அவர்கள் எண்ணியது ஒரு எழுத்தும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. பட்டியில் ஆட்டை எண்ணி அடைப்பவன் எண்ணுவதைப் போல. நம் யாப்பும் அந்த வேலையைச் செய்தது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி நேரசை முதலாயின் அடிக்கு 16, நிரையசை முதலாயின் 17 எழுத்து என்பது விதி. ஓலையைப் பார்த்துப் படியெடுப்பவன் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டால் அடி கணக்கில் குறைந்து நின்று காட்டிக்கொடுக்கும். செல்லரித்த சுவடியில் சீர் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர்கள் கண்டுகொள்ளத் தளையும் துணைநின்றது. 118க்கு அடுத்த சங்கீதமும் இத்தகைய கைவினையே. எபிரேயத்தின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 8 வசனமாக 176 வசனங்கள். நம் ஆத்திசூடி அகர வரிசையில் நடப்பதை ஒத்தது. எண்ணுதல் அங்கே பாட்டைத் தாங்கும் கழி. பந்தலில் படர்வது வேறு.

இனி வசனத்தின் சொற்களுக்கு வருகிறேன். மூலத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. மனிதனுக்கு நம்புதல் என்னும் வினை. இறைவனுக்கு மழைக்கும் பகைக்கும் தப்பி ஓரிடத்தில் ஒண்டுதல் என்னும் வினை. ஆங்கிலத்தில் படிப்போர் பலருக்கு இவ்வேறுபாடு மங்கலாகவே தெரியும். 1871இல் வெளிவந்த ஹென்றி பவரின் தமிழ் மொழிபெயர்ப்பு இதைக் காத்தது: மனிதனுக்கு 'நம்பு', கர்த்தருக்குப் 'பற்று'. 1995இல் வந்த திருவிவிலியம் 'அடைக்கலம்' என்கிறது. இரண்டும் நமக்கு நெடுங்காலச் சொற்கள். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் பற்று என்பதை ஆறு முறை வைத்து, பிடிப்பதற்கும் விடுவதற்கும் அதையே ஆள்கிறார். மாணிக்கவாசகரிடம் அடைக்கலப்பத்து, இளங்கோவிடம் அடைக்கலக் காதை. காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைப்பது ஓர் ஆயர்குலப் பெண்ணிடம். மாதரி அந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமல் உயிர்விடுகிறாள். மனிதரிடம் அடைக்கலம் தேடினால் என்ன ஆகும் என்பதற்கும், மனிதர் அதை எவ்வளவு பெரிதாகக் கொள்வர் என்பதற்கும் அவளே சாட்சி. இந்தச் சொற்களின் நிறை எந்தக் கூட்டல் கணக்கிலும் வராது.

நம் மாவட்டத் தலைநகரில் இந்தக் கருத்து தலைகீழாகவும் நிற்கிறது. திருவள்ளூர்த் தலபுராணத்தில் சாலிஹோத்திர முனிவர் தம் உணவாகிய மாவை முதிய விருந்தினர் ஒருவருக்கு ஈகிறார். உண்ட களைப்பில் விருந்தினர் படுக்க எவ்வுள் என்று கேட்கிறார். எந்த அறை என்று பொருள். கேட்டவர் பெருமாள். திருஎவ்வுள் என்னும் ஊர்ப்பெயருக்கு மரபு சொல்லும் காரணம் இது. மனிதனின் குடிசையில் இடம் கேட்டு ஒதுங்கிய கடவுளை வீரராகவர் என்று வணங்குகிறோம்.

இன்னொரு முனை பழவேற்காடு. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் பணியாற்றிய ஜெர்மானியர் யோகான் பிலிப் ஃபப்ரிசியஸ். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் ஒதுங்கிய இடம் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காடு. பிற்காலத்தில் ஒதுங்குதல் என்னும் எபிரேய வினைக்குத் தமிழ் தேட வேண்டியிருந்தவர், அந்த வினையின் பொருளை நம் ஏரிக்கரையில் நின்று அறிந்திருந்தார். அடைக்கலம் கொடுத்தது ஒரு வணிகக் கும்பினி. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை இன்று இடிபாடு. கும்பினியோ 1799இல் கலைந்தது. எஞ்சியவை கல்லறைகள். எலும்புக்கூடு செதுக்கிய வாயில்களும் ஆண்டு பொறித்த பலகைகளும் அங்கே நிற்கின்றன.

ஃபப்ரிசியஸ் வேப்பேரியில் அச்சுக்கூடம் நடத்தினார், 1779இல் தமிழ் ஆங்கில அகராதி வெளியிட்டார், விவிலியத்தைத் தமிழாக்கினார், பவர் பெரிதும் அடியொற்றியது அவரைத்தான். ஆனால் முதுமையில் பண விவகாரத்தில் சிக்கினார். பிறர் அவரை நம்பி ஒப்படைத்த பணம், அவர் பிறரை நம்பிக் கொடுத்ததால் திரும்பி வரவில்லை. கடனுக்காகச் சிறை புகுந்தார். 1791இல் இறந்தார். மனிதரையும் பிரபுக்களையும் நம்புவதைப் பற்றிய இரண்டு வசனங்களையும் தம் கையால் தமிழில் எழுதிய மனிதர் அவர். வசனம் தெரிந்திருந்தது, அது அவருக்குப் பிணை நிற்கவில்லை. அவரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாயிற்கதவில் எண் வில்லையைக் காட்டி உள்ளே போகும் ஒப்பந்தத் தொழிலாளி, மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் அடுத்த மாத வாடகையைச் சொல்கிறான். மனிதரை நம்பாமல் ஒரு நாளும் நகராது. அந்தச் சங்கீதக்காரனும் மனிதரை நம்பாதே என்று விலக்கவில்லை. அதைவிட இது நன்று என்று ஒப்பிட்டு நிறுத்திக்கொண்டான். எட்டாம் வசனத்துக்கும் ஒன்பதாம் வசனத்துக்கும் எண்ணில் வேறுபாடு 71. பொருளில் வேறுபாடு, அயலானிடம் ஏமாந்தவனுக்கும் அதிகாரத்திடம் ஏமாந்தவனுக்கும் உள்ள வேறுபாடு. அடியைத் திரும்பச் சொல்லிக் கடைசிச் சொல்லில் மட்டும் கத்தியை வைத்தான் பாருங்கள், அங்கேதான் அவன் கவிஞன்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளுடன் அமர்கிறேன். ஐந்தைந்து சொற்களாலான இந்த இரண்டு வசனங்களின் கருத்தை ஏழு சீரில், குறள் வெண்பாவாக, இரண்டாகவே எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஆறு சீரும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏழாம் சீர் மட்டும் மாறலாம். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டுக்குள் மனிதனையும் பிரபுவையும் அடக்குவது எளிதன்று. நான் மூன்று நாளாக முயல்கிறேன், மனிதன் அடங்கிவிட்டான்; பிரபு இன்னும் அடங்கவில்லை.